குசினியில் எதற்குக் கமரா?

இந்த வயர் வேலைக்குப் புதிதாக வந்த நீங்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வியே எனக்குப் பிடிப்பதில்லை. வீட்டுப் பிளானைப் படம் பிடித்துப் போனில் அனுப்பிவிட்டு, "சேர், மூன்று மாடி வீடு, எத்தனை பொயின்ற் போடலாம்?" என்கிறீர்கள். அன்ரெனா எங்கே, டிஷ் எங்கே, ரவுட்டர் எந்த மூலையில் என்று விறுவிறுவென்று கேட்கிறீர்கள். அந்த வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான் திருப்பிக் கேட்டால், "தெரியாது சேர், ஓனர் வெளிநாட்டில" என்று பதில் வருகிறது. அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கூரையில் ஏறி அன்ரெனாக் கம்பம் கட்டிய காலம் முதல் கண்ணாடி இழை வயர் இழுத்த காலம் வரை இந்தத் தொழிலில் இருந்துவிட்டேன். வெள்ளவத்தைக் கடற்காற்றில் டிஷ்ஷின் ஆணி எப்படித் துருப்பிடிக்கும், மின்சார வயருக்குப் பக்கத்தில் எதைக் கொண்டுபோகக் கூடாது என்பதெல்லாம் நீங்கள் படித்தே வருகிறீர்கள். அதைச் சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லப்போகிறேன். உங்களில் ஒருவருக்கும் அந்த வீட்டில் பங்கு உண்டு. பெயரைச் சொல்லமாட்டேன். வாசிக்கும்போது அவருக்கே தெரியும்.

கொழும்பில், வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் அந்த வீடு. பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். கட்டுவித்தவர் ரொறன்ரோவில் இருக்கிறார். அவருடைய தங்கை சுகந்தி ரீச்சர்தான் அந்தப் பழைய வீட்டில் தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்தவர். கலியாணம் கட்டவில்லை. பள்ளிக்கூட வேலையை விட்டபின் இணையத்தில் கணித வகுப்பு எடுக்கிறார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் லண்டன் பிள்ளைகளும் ஒரே திரையில் இருந்து படிப்பார்கள். அவருடைய சீவியமே அதுதான். வீடு கட்டி முடியும்வரை தெஹிவளையில் ஒரு அறை எடுத்து இருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஏனென்றால் என்னோடு கதைத்தவர் முழுக்க முழுக்க ரொறன்ரோ அண்ணர்தான்.

அண்ணர் வீடியோவில் வந்துதான் எல்லாம் சொல்வார். பணிவான மனிதர். சிரித்துக்கொண்டே சொல்வார். முன்பக்கத்தில் பல்கணி வைத்த பெரிய அறை அவருடைய குடும்பத்துக்கு. வருடத்தில் ஒருமுறை வந்து நிற்பார்களாம். அந்த அறையில் இரண்டு தொலைக்காட்சிப் பொயின்ற், இரண்டு நெற்வேர்க் பொயின்ற். ஹோலில் சுவர் அகலத்துக்கு ஒரு தொலைக்காட்சி. மொட்டைமாடியில் டிஷ், உள்ளூர்ச் செய்தி பார்க்க ஒரு அன்ரெனா. கேற்றில் தொடங்கி வீடு முழுக்கக் கமரா. கீழே குசினியில் ஒன்று. மாடியில், பின்பக்கத்துச் சின்ன அறையின் வாசலைப் பார்த்தபடி ஒன்று. அந்தச் சின்ன அறைக்குப் பிளானில் ஒரு பொயின்ற்கூட இல்லை.

"அந்த அறை ஆருக்கு?" என்று கேட்டேன்.

"அது தங்கச்சிக்கு. அவவுக்கு ஒண்டும் தேவையில்லை அண்ணை, போன் ஒண்டு இருக்கு. பிறகு வைஃபைதானே, வீடு முழுக்க வரும்."

"கொங்கிரீட்டுக்குள்ளாலை பின் அறைக்கு வராது. ஒருக்கா அவவோடை கதைச்சுப் பாக்கட்டே?"

"அவவோடை கதைச்சு என்ன? நான்தானே கட்டுறன். எனக்குச் சொல்லுங்கோ, நான் சொல்லுறன்."

உள்ளே கமரா எதற்கு என்றும் கேட்டேன். "தனிய இருக்கிற பொம்பிளைப்பிள்ளை அண்ணை. ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றார். ஐம்பதை எட்டிப் பிடிக்கப்போகிற ஒரு ரீச்சரைத்தான் பொம்பிளைப்பிள்ளை என்றார். கேற்றைப் பார்க்கிற கமராவை நானே நூறு வீட்டுக்குப் போட்டிருக்கிறேன். கள்ளன் வெளியிலிருந்துதான் வருவான். தங்கையின் அறை வாசலைப் பார்க்கிற கமராவுக்கு எந்தக் கள்ளன் அகப்படுவான் என்று அன்றிரவு முழுக்க எனக்குள்ளேயே சண்டை பிடித்தேன். இரண்டு தரம் தங்கையின் விலாசம் கேட்டேன். இரண்டு தரமும் பேச்சை மாற்றினார்.

அப்படியே ஸ்லாப் போடுகிற நாளும் வந்துவிட்டது. புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கொங்கிரீட் விழும் வரைக்கும்தான் ஒரு வீடு உங்கள் சொல்லைக் கேட்கும். கம்பிக்கு நடுவே குழாய் எங்கே கிடக்கிறதோ, அங்கேதான் அது சாகும்வரை கிடக்கும்.

எங்கள் சனத்துக்கு அந்த நாளில் ஒரு வழக்கம் உண்டு. சுபநேரம் பார்த்து, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கொங்கிரீட்டைக் கொட்டவிடுவார்கள். காசு அனுப்புகிறவர் வெளிநாட்டில் இருந்தால் அவரும் பார்க்கவேண்டும். ஆகவே சீமெந்துப் பையில் சாய்த்து வைத்த ஒரு ரப்பின் திரைக்குள், வீடியோவில், ரொறன்ரோ அண்ணர் சால்வையோடு இருந்தார். ஒழுங்கையை அடைத்துக்கொண்டு கொங்கிரீட் லொறி நின்றது. அதற்குப் பின்னால் பள்ளிக்கூட வான்கள் ஹோர்ன் அடித்துக் காதைக் கிழித்தன. தேங்காய் உடைக்க வேறு ஆள் இல்லாததால் தங்கையை வரச்சொல்லியிருந்தார்கள். அன்றுதான் ரீச்சரை முதல் முதலாகக் கண்டேன்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறி வந்தார். கம்பிகளுக்கு மேல் மெதுவாகக் கால் வைத்து நடந்தார். சுவர் இல்லாத வீட்டில் தன் அறை எங்கே வரும் என்று தேடினார். பிறகு என்னிடம் வந்தார்.

"அண்ணை, இதெல்லாம் என்ன குழாய்?"

"அது ரிவிக்கு. அது டிஷ்ஷிலை இருந்து வாறது. இந்த இரண்டும் கமராவுக்கு."

"இதிலை எது என்ரை அறைக்கு வருது?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன். பூசி மெழுகாமல் சொன்னேன். "ஒண்டும் வரேல்லை ரீச்சர். இது உங்கடை அறை வாசலைப் பாக்கிற கமராவுக்கு. இது குசினிக் கமராவுக்கு."

அவர் குழாயைப் பார்த்தார். கேற்றுக் கமராவைப் பற்றி அண்ணன் சொல்லியிருக்கிறார். உள்ளே கமரா வருவது அவருக்கு அந்த நிமிடம்வரை தெரியாது.

"குசினியிலை ஆர் களவெடுக்க வரப்போறான் அண்ணை? அங்கை நான்தானே நிப்பன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. கையில் இருந்த தேங்காய்த் தட்டத்தைக் கீழே வைத்தார். "எனக்கு வகுப்பு எடுக்க ஒரு வயர் வேணும். நடுவிலை அறுந்தால் பிள்ளையளின்ரை தாய்மார் வேறை ரீச்சரைப் பிடிச்சிடுவினம். அண்ணாவுக்கு எழுதி அனுப்பினனான். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

அண்ணர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே எனக்குச் சொல்லாமல் விட்டார். கொதித்துப்போனேன்.

கீழேயிருந்து மேசன் பாஸ் கத்தினார். "மஹத்தயா, ட்ரக் எக்க ஆவா. தவ இன்ன பே!" லொறி வந்துவிட்டது, இனி நிற்க முடியாது என்கிறார். அவர் சொன்னதும் நியாயம். கலந்த கொங்கிரீட் காத்திருக்காது. ரப்புக்குள்ளிருந்து அண்ணர், "என்ன அங்கை சுணக்கம்? நேரம் போகுது, தேங்காயை உடையுங்கோ" என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

இந்த மாதிரி நேரத்தில்தான் உங்களுக்குக் கை வழுக்கும். "பிறகு பார்ப்போம், சுவரில் வெட்டிக் குடுப்போம்" என்று சொல்லத் தோன்றும். பிறகு ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அழகாகப் பூசிப் பெயின்ற் அடித்த சுவரை ஒரு தங்கைக்காக வெட்ட எந்த அண்ணன் விடுவான்? இப்போது இல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"பாஸ், பொட்டக் இன்ன" என்று கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கத்திவிட்டு ரப்புக்கு முன்னால் போய் நின்றேன். "தம்பி, இரண்டு குழாய் மாத்தவேணும். உங்கடை தங்கச்சியின்ரை அறைக்கு லைன் இல்லை. உள்ளுக்குக் கமரா வேண்டாம் எண்டு அவ சொல்லுறா."

சிரிப்பு நின்றது. "அது என்ரை பிளான் அண்ணை. அவவுக்கு இதுகள் விளங்காது. நீங்கள் கொங்கிரீட்டைப் போடச்சொல்லுங்கோ, நான் அவவுக்குப் பிறகு..." அதோடு படம் உறைந்தது. வாய் திறந்தபடி, சால்வையோடு, அப்படியே நின்றார். வெள்ளவத்தையில் வைஃபை வீடு முழுக்க வரும் என்று சொன்னவருக்கு ஒழுங்கையில் போன் லைனே வரவில்லை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

நான் ரீச்சரின் பக்கம் திரும்பினேன். "நீங்கள் சொல்லுங்கோ. இருக்கப்போறது நீங்கள்."

அவர் உறைந்துபோன அண்ணனின் முகத்தைப் பார்த்தார். ஹோர்ன் சத்தம். பாஸின் கூப்பாடு. லொறியின் பெரிய பீப்பா உருண்டுகொண்டே இருந்தது. "மாத்துங்கோ" என்றார்.

வேலையாட்கள் இருவரையும் கூப்பிட்டேன். குசினிக் குழாயை இழுத்துக் கழற்றி எறிந்தோம். வாசலைப் பார்க்கப்போன குழாயை வளைத்து, நீட்டி, அறைக்குள் அவருடைய மேசை வருகிற சுவருக்குக் கொண்டுபோனேன். கம்பியில் கட்டி முடித்து நிமிர்ந்தபோது, அண்ணன் திரும்பி வரும்வரை காத்திருக்காமல் ரீச்சர் தேங்காயை உடைத்தார். சரிபாதியாக உடைந்தது என்று வேலையாட்கள் சந்தோசப்பட்டார்கள். பாஸ் என்னைத் திட்டித் தீர்த்துக்கொண்டே லொறிக்குக் கை காட்டினார்.

பின்னேரம் ரொறன்ரோவிலிருந்து போன் வந்தது. "ஆரைக் கேட்டு மாத்தினனீர்?" 'நீங்கள்' அன்றோடு போய் 'நீர்' ஆகிவிட்டது.

"இருக்கப்போறவவைக் கேட்டு."

"சல்லி தாறது ஆர்?"

"நீங்கள்தான். ஆனால் அந்த அறையிலை படுத்து எழும்பப்போறது நீங்கள் இல்லை."

தனக்குத் தெரிந்த ஆட்கள் எல்லோருக்கும் சொல்லி, வெள்ளவத்தையில் எனக்கு ஒரு வீடும் கிடைக்காமல் பண்ணுவதாகச் சொன்னார். பண்ணியும் காட்டினார். ஒத்துக்கொண்டிருந்த வீடுகள் கைநழுவின. கெதியாக ஓய்வு எடுத்ததற்கு முழங்கால் நோவு பாதிக் காரணம், மீதி அதுதான். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்த வீட்டின் வயரை இழுத்து முடித்துத்தான் வெளியே வந்தேன். ரீச்சரின் மேசையில் லைன் வேலை செய்கிறது என்று பார்த்தபிறகுதான் வந்தேன்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் நல்ல மனிதன் என்று என்னையே தட்டிக்கொடுத்துவிட்டு, உங்களுக்கும் சிரித்த முகத்தோடு எழுதியிருப்பேன். முடியவில்லை.

அண்ணர் புது வீட்டுக் குடிபூரலுக்கு வந்தார். பால் காய்ச்சினார்கள், படம் எடுத்தார்கள். திரும்பிப் போவதற்கு முன் உங்களில் ஒருவரைக் கூப்பிட்டார். இப்போது வந்திருக்கிற பற்றறிக் கமரா உங்களுக்குத் தெரியும். குழாய் வேண்டாம், வயர் வேண்டாம், சுவரில் ஒரு ஆணி போதும். எந்தக் கட்டடத்தை நான் லொறியை நிறுத்திக் காப்பாற்றினேனோ, அதே கட்டடத்தில், நான் குழாய் மாற்றிய அதே இரண்டு இடங்களில், நீங்கள் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் இரண்டு கமராவைக் கொழுவிவிட்டீர்கள்.

ரீச்சர் வகுப்பு முடிந்து அறையிலிருந்து வெளியே வந்தபோது நீங்கள் ஏணியில் நின்றீர்கள்.

"தம்பி, அதைக் கழட்டும். எனக்கு வேண்டாம்."

"ஐயாவைக் கேக்கோணும் அக்கா."

நீங்கள் சொன்னது அவ்வளவுதான். மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள், ரீச்சரே சொன்னார். அந்த மரியாதையை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. அவர் முன்னால் நின்று வேண்டாம் என்கிறார். உங்களுக்கு ஐயா கடலுக்கு அப்பால் இருக்கிறார். "கஸ்ரமர் சொன்னதைச் செய்தேன் சேர்" என்று நீங்கள் என்னிடம் சொல்லவேண்டாம். அந்தக் கமராவுக்கு முன்னால் சோறு சமைக்கிறவர் கஸ்ரமர் இல்லையா?

அதற்குப் பிறகு நடந்ததையும் கேளுங்கள். ரொறன்ரோவில் பொழுதுபோகாத நேரமெல்லாம் அண்ணர் தங்கையின் குசினியைப் பார்த்தார். காஸ் சிலிண்டர் கொண்டுவந்த பொடியனோடு ஏன் அவ்வளவு நேரம் கதைத்தாய் என்று கேட்டார். விளக்கு ஏன் எரிந்தது என்று கேட்டார். தலை முழுகிவிட்டு ஈரத் தலையோடு ஏன் வெளியே வந்தாய் என்று கேட்டார். ஒருநாள், வகுப்புக்கு முதல் ரீச்சர் அறை வாசலில் நின்று அழுதிருக்கிறார். ஏன் அழுகிறாய் என்று ரொறன்ரோவிலிருந்து போன் வந்ததாம். தன் வீட்டில் தனியாக அழக்கூட அந்த மனுசிக்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

அவர் ஒரு கைத்துணியால் குசினிக் கமராவை மூடினார். கமரா பழுது என்று அண்ணர் உங்களுக்கு அறிவித்தார். நீங்கள் ஓடிவந்தீர்கள். ஏணி வைத்து ஏறி, அந்தத் துணியை எடுத்து மடித்து மேசையில் வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று படமும் எடுத்து அனுப்பினீர்கள். துணியைக் கண்டபிறகுமா உங்களுக்கு விளங்கவில்லை? ஒரு கமராவுக்குத் தானாகத் துணி வந்து மூடுமா? உங்கள் கையால் நீங்கள் எடுத்தது என்ன என்று நீங்களே யோசியுங்கள். எனக்கு அதற்கு நல்ல சொல் ஒன்றும் வாயில் வரவில்லை.

அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிளானை வாங்கினால், அந்த வீட்டில் எழும்பி முகம் கழுவப்போகிறவரைத் தேடிப்போய்க் கதையுங்கள். கதைக்க விடமாட்டோம் என்றால் அந்த வீட்டு வேலையை விடுங்கள். நான் விட்டிருக்க வேண்டிய நேரத்தில் விடாமல் ஸ்லாப் வரைக்கும் இழுபட்டேன். ஒருவர் வேண்டாம் என்றால் ஏணியிலிருந்து இறங்குங்கள். இதற்குப் படிப்பு வேண்டாம், சான்றிதழ் வேண்டாம்.

போன மாதம் ரீச்சர் எனக்குப் போன் எடுத்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறாராம். "ஒரேயொரு வயர் இழுக்கவேணும் அண்ணை. வேறை ஆரையும் கூப்பிட விருப்பமில்லை." நான் கொட்டாஞ்சேனைக்காரன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நடந்தே போனேன். கீழே இரும்புக் கடைச் சத்தம், பக்கத்தில் கோயில் மணி, சுவரெல்லாம் பழைய பெயின்ற். வெள்ளவத்தை வீட்டின் குளியலறை அளவுதான் அந்த ஹோல். சன்னலால் வயரை எடுத்து, சுவரோரமாக ஆணி அடித்து, மேசைக்குக் கொண்டுவந்தேன். அழகாக இல்லை, ஆனால் லைன் நன்றாக வந்தது. திரையில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, "குட் ஈவினிங் ரீச்சர்" என்றார்கள்.

அப்போது அவருடைய போன் அடித்தது. கரும்பலகை துடைத்த கையெல்லாம் சோக்குத் தூள். ஸ்பீக்கரில் போட்டார்.

"நீ எங்கை நிக்கிறாய்?" ரொறன்ரோ அண்ணர்தான். "ரெண்டு நாளாப் பாக்கிறன், ஒரு கமராவிலையும் உன்னைக் காணேல்லை."

ரீச்சர் கையைச் சேலையில் துடைத்தார்.

"ஓம் அண்ணா. இனிக் காணமாட்டியள்."

போனை வைத்துவிட்டு, திரையில் காத்திருந்த பிள்ளைகளிடம் போன வகுப்பின் கணக்கை எடுக்கச் சொன்னார்.